தேயிலைக்குப் படாத புகை

வீரய்யாவுக்கு நெருப்பு தெரியும், சமையல் தெரியாது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தபடியே அறுபத்தாறு வயது வரை நிம்மதியாக இருந்துவிட்டார். ஆண்களுக்கு வாய்க்கிற நிம்மதிகளில் பாதி இந்த வகைதான்.

பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறினால் வருகிற ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் அடுப்பெரித்தவர் அவர். தோட்டத்து வழக்கில் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்று பெயர். கொழுந்தைக் காயவைக்கும் ட்ரையர் ஒரு பக்கம், அதற்குச் சூடு அனுப்பும் இரும்பு அடுப்பு மறுபக்கம். அடுப்பில் எரிவது விறகு. ஆனால் ட்ரையருக்குப் போகவேண்டியது வெறும் சூடான காற்று. அதில் கொஞ்சம் புகை கலந்தாலும் போச்சு, அன்றைக்குக் காய்ந்த தேயிலை முழுக்கக் கருகல் வாடை அடிக்கும்.

வீரய்யாவுக்கு முன்னால் அந்த அடுப்பைப் பார்த்தவர் பொன்னையா. ஒருநாள் அவசரத்தில் கதவைச் சட்டென்று திறந்து, இரண்டு கையாலும் விறகை வாரிப் போட்டுவிட்டார். குப்பென்று வெளியே வந்த புகையைப் பக்கத்திலிருந்த காற்றாடி இழுத்து ட்ரையருக்குள் தள்ளிவிட்டது. மறுநாள் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஒரு வாய் சுவைத்துப் பார்த்துத் துப்பினார். அந்த வாரமே பொன்னையாவை மலையில் தேயிலைச் செடிகளின் கிளை நறுக்கும் கவ்வாத்து வேலைக்கு அனுப்பிவிட்டு, அடுப்பை வீரய்யா கையில் கொடுத்தார்கள்.

வீரய்யா பயந்த மனுஷன். பயந்தவர்கள்தான் நன்றாக வேலை பழகுவார்கள். கதவைத் தொடும் முன் புகைக்குழாய்க்குள் இருக்கும் தகட்டை முழுக்கத் திறந்துவிடுவார். மூன்று மூச்சு பொறுப்பார். பிறகு கதவை ஒரு விரல் கனம் மட்டும் திறந்து, உள்ளே இருக்கிற புகை குழாய்ப் பக்கம் ஓடட்டும் என்று காத்திருப்பார். அதற்கப்புறம்தான் கதவு முழுசாகத் திறக்கும். எரிகிற தணலைப் பின்னால் தள்ளி, புது விறகை முன்னால் வைப்பார். புது விறகு கக்குகிற புகை தணலைத் தாண்டித்தானே குழாய்க்குப் போகவேண்டும், போகிற வழியிலேயே எரிந்து தீர்ந்துவிடும். முப்பத்தொரு வருஷத்தில் வீரய்யா எரித்த நெருப்பில் காய்ந்த தேயிலை ஒரு மூட்டைகூடப் புகை வாடை என்று திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று பெரிய துரையே வந்து மாலை போட்டு இதைச் சொன்னார். அந்தப் போட்டோ வீட்டின் முன் அறையான முன்காம்பராவில், சாமிப் படத்துக்கு ஒரு முழம் தள்ளித் தொங்குகிறது.

அதே முப்பத்தொரு வருஷமும் அதற்கு முன்னால் சில வருஷங்களும் அவருடைய மனைவி பாக்கியலெட்சுமி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகும் முன் விடியற்காலையிலும், கொழுந்து பறித்து மலையிலிருந்து இறங்கிய பிறகு சாயங்காலத்திலும், வரிசை வீடான லயத்தின் பின்காம்பராவில் குந்தியிருந்து விறகடுப்பு ஊதினாள். எரித்தது பெரும்பாலும் மிலாறு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சிகளைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வருவாள். காய்ந்தால் நன்றாக எரியும். அந்த மலையில் எது ஒழுங்காகக் காய்கிறது? பாக்கியம் இருமுவாள், கண்ணைத் துடைப்பாள், ஊதுவாள். வீரய்யா முன்காம்பராவில் தேத்தண்ணிக்குக் காத்திருப்பார். கதை முழுக்க இவ்வளவுதான், ஆனால் இதைப் புரிந்துகொள்ள அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

போன ஐப்பசி மழையில் பாக்கியத்துக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தண்ணீர்க் குடத்தோடு நாலு படி ஏறினாலே நின்றுவிடுவாள். சளி என்றார்கள், குளிர் என்றார்கள், கொத்தமல்லி அவித்துக் குடித்தார்கள். கடைசியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள். கிளினிக்கில் இருந்தவர் நிரஞ்சலா என்று ஒரு இளம் டாக்டர். ஒரு குழாயில் ஊதச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார், பிறகு கேட்டார்:

"அம்மா பீடி, சுருட்டு ஏதாவது குடிப்பீங்களா?"

பாக்கியத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாங்க மிஸ் இப்படிக் கேக்குறீங்க. வெத்தல மட்டுந்தான் போடுவேன்."

"கோவிக்காதீங்க. கேட்டுத்தான் ஆகணும். வீட்டுல என்ன அடுப்பு?"

"வெறகடுப்புத்தான்."

"பொகை எங்க போகும்?"

பாக்கியம் கொஞ்சம் யோசித்தாள். அப்படியொரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "எங்க போகும், வீட்டுக்குள்ளதான் இருக்கும்," என்றாள்.

டாக்டர் வீரய்யாவைப் பார்த்துப் பேசினார். சுவாசக்குழாய்கள் சுருங்கிப்போயிருக்கின்றன, போனது திரும்பி வராது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். வாயில் வைத்து இழுக்கிற மருந்து தந்தார். "ஆனா ஐயா, இனிமே அவங்க பொகையில இருக்கவே கூடாது. அடுப்படிக்கு அனுப்பாதீங்க. பொகை அவங்க இருக்கிற ரூமுக்கும் வரக் கூடாது." வீரய்யா தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பினார்கள். பண்டாரவளை தாண்டும் வரை பாக்கியம் ஜன்னலைத் திறந்துவைத்து வெளிக்காற்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று முதல் சமையல் வீரய்யாவினது. வீட்டில் கேஸ் அடுப்பு இல்லாமலில்லை. கேஸுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த வருஷத்தில் விறகுக்குத் திரும்பியவர்கள்தான். அதன் பிறகு சிலிண்டர் கிடைத்தாலும் அன்றாடச் சோற்றுக்கும் குளிக்கிற சுடுதண்ணிக்கும் அது கட்டுப்படியாகவில்லை. ஆக விறகுதான். சோறு குழைந்தது, பருப்பு அடிப்பிடித்தது, பாக்கியம் இரண்டையும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். ஆனால் புகையை அவளால் சாப்பிட முடியவில்லை. பின்காம்பராவில் கிளம்புகிற புகை இடைக்கதவைச் சாத்தினாலும் சுவருக்கு மேலாக வந்துவிடும். லயத்துச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். கட்டியவன் கல்லை மிச்சம் பிடித்திருக்கிறான்.

மொனராகலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஜீவராணி போனில் அழுதாள். "அப்பா, அம்மாவ இங்க அனுப்புங்க. இங்க வெயிலு, குளிர் இல்ல. எங்க வீட்டுல கேஸ்தான். ஒங்களுக்குப் போகப்போகக் கைபழகும். அவங்கள ஏன் அங்க வச்சிக்கிட்டு சாகடிக்கிறீங்க?"

"நீ வந்து கூட்டிக்கிட்டுப் போ" என்று அவர் சொல்லவில்லை. போனைப் பாக்கியத்திடம் கொடுத்தார். பாக்கியம் கேட்டுவிட்டு, "பாப்போம்டி, மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வா," என்றாள்.

அந்தப் 'பாப்போம்' வீரய்யாவைக் கலக்கிவிட்டது. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் பாக்கியம் ஒரு பிரசவத்துக்குக்கூட லயத்தை விட்டுப் போனதில்லை. போய்விட்டால் திரும்பி வரமாட்டாள். வெயிலும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற இடத்தை விட்டு இந்தக் குளிருக்கு யார் திரும்பி வருவார்கள்? அவள் இல்லாத காம்பராவை ஒரு தடவை மனதுக்குள் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. மாசக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலையிலேயே எல்லாம் தலைகீழானது. மழையில் நனைந்த மிலாற்றைக் கை நிறைய எடுத்து அடுப்பில் திணித்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனார். பீலியில் இரண்டு வார்த்தை பேச்சு. திரும்பி வரும்போது லயத்து வாசலில் கூட்டம். பக்கத்துக் காம்பரா சிவசக்தி பாக்கியத்தைத் தாங்கிப் பிடித்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்காரவைத்திருந்தாள். பாக்கியத்தின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மருந்தை இழுத்து, ஆவி பிடித்து, அவள் நிதானத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. 

"மாமா," என்றாள் சிவசக்தி, வேறு யாருக்கும் கேட்காமல். "கதவத் தொறந்தப்ப உள்ளுக்க ஆளே தெரியல்ல. அத்தையோட இருமலக் கேட்டுத்தான் போனேன்."

பாக்கியம் தூங்கிய பிறகு அவர் பின்காம்பராவுக்குப் போய் நின்றார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஸ்டோர் அடுப்பைப் பார்க்கிற கண்ணால் தன் வீட்டு அடுப்பைப் பார்த்தார். மூன்று கல். மூன்று பக்கமும் திறந்த நெருப்பு. சுவரும் கூரைக்கட்டையும் தார் பூசினதுபோல் கறுத்துக் கிடந்தன. அடுப்புக்கு மேலே, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய புகைக்கூடு இருந்தது. நிமிர்ந்து அதற்குள் பார்த்தார், வெளிச்சம் தெரியவில்லை. தெரியாது, ஏனென்றால் அதன் வாயில் ஒரு தகரம் அடித்திருந்தது. அந்தத் தகரத்தை அடித்தது யார் என்று அவருக்கு உடனே ஞாபகம் வந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காற்று கூரையைப் பிய்த்த சமயம். கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. புகைக்கூட்டு வழியாக மழைத்தண்ணீர் சோற்றுப் பானைக்குள் சொட்டுகிறது என்று பாக்கியம் சொன்னாள். வீரய்யா ஏணி வைத்து ஏறி, மிஞ்சின தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, புகைக்கூட்டின் வாயை ஆணியடித்து மூடினார். கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தவளே பாக்கியம்தான். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "இனி ஒரு சொட்டு எறங்காது," என்றார். அன்று பின்னேரம் நாலு மணிக்கு ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். போய், புகைக்குழாயின் தகட்டைத் திறந்து, மூன்று மூச்சு பொறுத்து, விறகு போட்டார்.

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்கலாம். இருப்பான். ஸ்டோரில் புகை என்றால் குற்றம். டீமேக்கர் துப்புவார், வேலை போகும். வீட்டில் புகை என்றால் சோறு வேகிறது என்று அர்த்தம். யாரும் துப்பவில்லை, யாரையும் மலைக்கு அனுப்பவில்லை. லயத்தில் இருந்த இருபது காம்பராவிலும் இதே கதைதான். புகை இருந்தால் கூரைக்கட்டையைப் பூச்சி அரிக்காது, காம்பரா கதகதப்பாக இருக்கும் என்று அதற்கு நியாயம்கூட வைத்திருந்தார்கள்.

வீரய்யா ஏணி கேட்டு வாங்கி, கூரைக்கு ஏறி, துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தகரம் கழன்ற பிறகு உள்ளே பார்த்தால் புகைக்கூடு பாதி தூரம் கரியாலும் பழைய குருவிக்கூட்டாலும் அடைத்திருந்தது. நீளக் கம்பில் சாக்கைச் சுற்றி இரண்டு நாள் துடைத்தார். வீட்டுக்குள் இறங்கி வரும்போது பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. பாக்கியம் பார்த்துச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. அவர் அவசரமாக வெளியே போய்விட்டார்.

பிறகு அடுப்பைக் கட்டினார். மூன்று கல்லையும் எடுத்துவிட்டு, செங்கல்லும் களிமண்ணும் வைத்து, நாலு பக்கமும் மூடிய அடுப்பு. மேலே பானை உட்கார இரண்டு வாய். பானை இல்லாத நேரம் மூட வாய்க்கொரு தகட்டு மூடி. பின்பக்கத்திலிருந்து தகரக் குழாய் ஒன்று எழும்பிப் புகைக்கூட்டுக்குள் போனது. குழாய்க்கு நடுவே திருப்பித் திறக்கிற ஒரு தகடு. முன்னால் விறகு வைக்கிற சின்ன வாய். அதற்கு, பழைய பிஸ்கட் டின்னை வெட்டி ஒரு கதவு. கூரைக்கு மேலே மழை விழாமல் ஒரு தொப்பி. இடைச்சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்தார். பன்னிரண்டு வருஷம் புகையை அடைத்து வைத்த தகரத்தை மட்டும் எதற்கும் எடுக்கவில்லை; கொண்டுபோய்ப் பள்ளத்தில் எறிந்தார்.

களிமண் காய்ந்து முதல் நாள் பற்றவைத்ததும் புகை முழுக்கத் திரும்பி வந்து அவர் முகத்தில் அடித்தது. நல்ல வேளை, பாக்கியத்தை முன்னாலேயே சிவசக்தி வீட்டு இஸ்தோப்பில் உட்காரவைத்திருந்தார். குளிர்ந்த குழாய் புகையை இழுக்காது. இதைக்கூட மறந்துவிட்டாயே கிழவா என்று தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை, காய்ந்த சருகைப் பற்றவைத்துக் குழாயின் அடியில் கொஞ்ச நேரம் பிடித்தார். குழாய் சூடானது, சருகின் சுவாலை மேலே சாய்ந்து ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் விறகு. ஆனாலும் விறகு போடக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் புகை வெளியே வந்தது. அதற்கும் காரணம் கண்டுபிடித்தார். தெற்கே பள்ளத்திலிருந்து ஏறி வருகிற காற்று பின்கதவுக்கு எதிர்ப்பக்கத்தில் அடித்தது. பின்கதவு திறந்திருந்தால் அது வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சியது, புகையும் அதன் பின்னாலேயே வந்தது. பின்கதவை மூடி, காற்று வருகிற பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்தார். வெளியே வந்த புகை நின்றுவிட்டது. நனைந்த மிலாற்றைத் தொடவே இல்லை. விறகைச் சின்னச் சின்னதாகப் பிளந்து, அடுப்பின் பக்கத்தில் நாலு நாள் காயவைத்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு குச்சி, மூன்று குச்சி என்று வைத்தார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள், வெறும் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குக் கறியும் வைத்து முடித்தபோது, அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கறி வாசனை மட்டும்தான் இருந்தது. இடைக்கதவைத் திறந்து, "பாக்கியம், பொகை வருதா?" என்று கேட்டார். "இல்லீங்க," என்றாள் அவள். நாலு நாளாகக் கேட்கிறார், நாலு நாளும் அதே பதில்தான். ஜீவராணி நாளைக்கு வந்து பார்க்கட்டும். இந்த வீட்டில் அம்மா மூச்சு விடலாம் என்று அவளே சொல்லிவிட்டுப் போகட்டும். வீரய்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் நீண்டது. சிவசக்தி அடுப்பைப் பார்க்க வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. "மாமா, நம்ம அடுப்படில புள்ளயும் நானும் கண்ணு எரிஞ்சு சாகுறோம். ஒங்க வீட்டுல பொகையே இல்லியே. எப்பிடி?"

வீரய்யா செய்தே காட்டினார். "மொதல்ல இந்தத் தகட்ட முழுசாத் தொறக்கணும். மூணு மூச்சு பொறுக்கணும். கதவ டக்குனு தொறந்திரக் கூடாது, இப்பிடி, கொஞ்சமா. உள்ளுக்குள்ள இருக்குறது கொழாய்க்குப் போகட்டும். அப்பறந்தான் முழுசா. தணலப் பின்னுக்குத் தள்ளு, புது வெறக முன்னுக்கு வையி. மூடு. அவ்வளவுதான்."

"இதெல்லாம் யாரு மாமா ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லணும்? ஸ்டோருல நா நெதமும் செஞ்ச வேல. ஒரு நாளைக்கி இருவது முப்பது தடவ. முப்பத்தொரு வருசம் ஒரு எலையில பொகை பட்டதில்ல. டீமேக்கர் ஐயா சொல்லுவாரு, வீரய்யா அடுப்புல இருந்தா நா சுவைச்சே பாக்க வேண்டியதில்லேன்னு."

சிவசக்தி வியந்துவிட்டு, தன் வீட்டுக்கும் ஒன்று கட்டித்தரச் சொல்லிவிட்டுப் போனாள். வீரய்யா சிரித்த முகத்தோடு திரும்பினார். இடைக்கதவில் பாக்கியம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஏங்க," என்றாள். "இது ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது.

"இப்ப ஆஸ்பத்திரியில சொன்னப்பறம் யாருக்கிட்டயோ கேட்டுப் படிச்சீங்கன்னு நெனச்சேன்," என்றாள் பாக்கியம். அவள் குரல் உயரவில்லை. உயர்த்த அவளிடம் மூச்சும் இல்லை. "தேயிலைக்குப் பொகை படாம பாத்திருக்கீங்க."

வீரய்யா அடுப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தானே இருந்தது, நீயும் ஒரு நாள் சொல்லவில்லையே, எனக்குத் தோன்றவில்லையே. ஒவ்வொன்றும் வாய் வரை வந்தது, ஒவ்வொன்றும் வெட்கமாக இருந்தது.

"டீமேக்கருக்குப் பயந்தேன்," என்றார் கடைசியில். "ஒனக்குப் பயப்படல்ல. அதான் பாக்கியம். வேற ஒண்ணும் இல்ல." பிறகு, "நாளைக்கி நீ ராணியோட போறதுன்னா போ. அங்க நல்லா இருக்கும். நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். மூன்று வாரமாக இந்த ஒன்று நடக்கக் கூடாது என்றுதான் அத்தனையும் செய்தார். இப்போது அதைத் தன் வாயாலேயே சொல்லும்படி ஆகிவிட்டது.

பாக்கியம் உள்ளே போனாள். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். துணிப்பை மூடுகிற சத்தம் கேட்குமென்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். கேட்டது வேறு சத்தம். முன்காம்பராவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள், இழுவைக்கு இழுவை நின்று மூச்சு வாங்கியபடி. அவர் எழுந்து பிடிக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அடுப்புக்கு இரண்டு அடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையை நெருப்புக்கு நேராக நீட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவள் அந்த அடுப்படிக்குள் கால் வைத்தது அன்றுதான்.

"ராணி வந்தா ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும். நா போகல்ல," என்றாள்.

வீரய்யா அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க," என்றாள் பாக்கியம். "எனக்கு ஒங்க மேல நெறையக் கோவம் இருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு, அது எவ்வளவு இருக்குன்னு. மொனராகலையில போயிக் குந்திக்கிட்டு அத நா யாருக்கிட்ட காட்டுறது?"

அடுப்பில் விறகு தணிந்திருந்தது. வீரய்யா கையை நீட்டி, குழாயின் தகட்டை முழுக்கத் திறந்தார்.